இரண்டே இரண்டு ரொட்டி

முதல் ரொட்டி நேராக நெருப்பில் விழுந்தது.

கை தவறவில்லை. போனில் ஒரு அம்மாள் செய்துகாட்டியதை இம்மி பிசகாமல்தான் செய்தாள் தீக்குச்சி. மாவை நீளவாக்கில் தட்டி, ஒரு பக்கம் தண்ணீர் தடவி, ஈரப்பக்கம் அடியில் போகும்படி கல்லில் ஒட்டினாள். மேலே கொப்புளம் கிளம்பியதும் கல்லைக் கைப்பிடியோடு தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துத் தீயில் காட்ட வேண்டும். ரொட்டி வௌவால் மாதிரி கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கும். மண் அடுப்புக்குள்ளே சுவரில் ஒட்டிச் சுடுகிற ரொட்டிக்கு, அந்த அடுப்பு இல்லாத வீட்டில் இதுதான் வழி. கவிழ்த்தாள். வௌவால் பொத்தென்று பர்னர்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இருமிக்கொண்டே ஓடிவந்த நடுவர் அடுப்பை அணைத்தாள். பிறகு கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, இது எந்தக் கல்லு?"

"நம்ம கல்லுதான்."

"நம்ம கல்ல எதுக்கு வாங்கினோம்? எதுவும் ஒட்டாதுன்னுதானே வாங்கினோம்? ஒட்டாத கல்லுகிட்டப் போய் ஏன் ஒட்டலன்னு சண்டை போடுறியே, நீயெல்லாம் கெமிஸ்ட்ரில ஃபர்ஸ்ட் கிளாஸா?"

"வாய மூடிட்டு ஜன்னலத் திற."

தீக்குச்சி, நடுவர், ஜமீன். மூன்று பெயரும் கல்லூரி ஹாஸ்டலில் வைத்தவை. வைத்த பிறகு அம்மா அப்பா வைத்த பெயர்களுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. உரசினால் போதும், பற்றிக்கொள்வாள் என்பதால் தீக்குச்சி. முதல் நாளே இரண்டு தலையணையோடு வந்து இறங்கியவள் ஜமீன். அவள் அப்பாவுக்கு ஆணி, பூட்டு, குழாய் விற்கிற கடைதான், ஆனாலும் தலையணைக்குப் பதில் கையை மடித்து வைத்துத் தூங்கியவர்கள் நடுவில் இரண்டு தலையணை என்றால் அது ஜமீன்தான். இந்த இருவருக்கும் நடுவில் கட்டில் கிடைத்த பாவத்துக்கு மூன்றாமவள் நடுவர் ஆனாள். இப்போது அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். தீக்குச்சியும் அவளும் இரண்டாவது மாடியில், சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வாசலில்தான் நிற்க முடியும் என்கிற அளவுக்கு ஒரு வீட்டில் குடியிருக்கிறார்கள்.

ஜமீன் அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வராமல் இருந்ததற்குக் காரணம் தீக்குச்சியின் வாய்.

இப்போது வருகிறாள். தொலைவில் ஒரு ஊரில் வேலை கிடைத்திருக்கிறதாம். போகிற வழியில் இங்கே இறங்கி பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் மாலை ஐந்தரைக்கு அடுத்த பஸ். நடுவே நாலு மணி நேரம். போன் வந்தது நடுவருக்கு. தீக்குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால், "வீட்டுக்கு வரட்டுமா, இல்ல பஸ் ஸ்டாண்டுக்கு நீ வர்றியா?" என்று கேட்டாள். நடுவர் யோசிக்காமல் வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டாள்.

அன்று இரவே தீக்குச்சி மாவு டப்பாவை எடுத்தாள்.

"ஒரு சாரி சொன்னா முடிஞ்சிடும்டி," என்றாள் நடுவர். "மாவும் மிச்சம், கேஸும் மிச்சம்."

நடுவர் பிறந்து வளர்ந்த வீட்டில் அது முடிந்துவிடும். தீக்குச்சியின் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். தட்டு விரிசல் விட்டதற்கு, பஸ் தாமதமானதற்கு, மகளுக்குக் காய்ச்சல் வந்ததற்குக்கூட, அங்கே அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வீடுகளின் பின்வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண்ணின் காதில் அந்த வார்த்தை தேய்ந்து தேய்ந்து, கடைசியில் வேலைக்காரி சொல்கிற வார்த்தை ஆகிவிட்டது. படிப்பு முடித்தாள், வேலைக்குப் போனாள், இங்கிலீஷில் பேசினாள். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தொண்டை வழிவிடவில்லை.

ஆகவே, ரொட்டி.

கடைசிப் பரீட்சை முடிந்த வாரம் மூவரும் மலை ஏறிப் போனார்கள். கல்லூரியே அழைத்துப் போகிறது, போகாவிட்டால் மார்க் போய்விடும் என்று தீக்குச்சி அம்மாவிடம் புளுகியிருந்தாள். வேலை நிமித்தமோ சாவு நிமித்தமோ இல்லாமல் அவள் வாழ்க்கையில் போன முதல் பயணம் அது. வளைவு வளைவாக பஸ் ஏறியதில் ராத்திரி பூராவும் வாந்தி. குடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டாள். விடிகிற நேரத்தில் பஸ் டயர் வெடித்து ஓரம் கட்டியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், சற்றுத் தள்ளி மண் அடுப்பு வைத்த ஒரு ஒற்றைக் கடை. தீக்குச்சி மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நடுவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜமீன்தான் கடைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து செய்தித்தாளில் சுற்றி இரண்டு ரொட்டி கொண்டுவந்தாள்.

"எனக்குப் பொறுக்கல. அங்கயே நின்னு சுடச்சுட ஒண்ணு உள்ள தள்ளிட்டேன். இது உங்களுக்கு."

உள்ளங்கை கனம். மேலே கருகல் பொட்டுகள். இடித்த மல்லி விதையும் கருஞ்சீரகமும் தீயில் வெடித்துப் பதிந்திருந்தன. பிய்த்தால் நூல் நூலாகப் பிரிந்தது. வெளியே மொறமொறப்பு, உள்ளே பஞ்சு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு புளிப்பு, நாக்கின் ஓரத்தில் மட்டும் வந்து தொட்டுவிட்டுப் போகிற புளிப்பு. அந்த வாய் முதல் நாள் மாலையிலிருந்து கசப்பைத் தவிர எதையும் அறியாத வாய். தீக்குச்சி சாப்பிட்டு முடித்துச் செய்தித்தாளில் கிடந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்துத் தின்றாள். "நான் பொழச்சுக்கிட்டேன்டி" என்றாள்.

அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்த ரொட்டி தின்றாலும் மூவருக்கும் அந்தப் பேச்சு வந்துவிடும். அப்போதெல்லாம் ஜமீன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எப்படி இருந்துச்சு, நீ சொல்லு. நீ சொன்னாத்தான் நல்லா இருக்கும்" என்பாள். தீக்குச்சி சொல்லுவாள். கருகல் பொட்டைக்கூட விடமாட்டாள்.

சண்டை வந்தது வேலை கிடைத்த பிறகு. ஆறே மாதத்தில் ஜமீன் தன் வேலையை விட்டாள். இந்த வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எனக்கு அந்த இடம் ஒத்து வரலடி. மூச்சு முட்டுது. கொஞ்ச நாள் அப்பா கடையில இருக்கேன்" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். குச்சி பற்றிக்கொண்டது.

"உனக்கென்ன, விடுவ. விட்டா விழுறதுக்கு உனக்கு மெத்தை இருக்கு. நாங்க பல்லால புடிச்சுத் தொங்கிட்டிருக்கோம். பசின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? பொறந்ததுலேர்ந்து யாருக்காகவாவது ஒரு வேளைச் சோத்த விட்டுக் குடுத்திருக்கியாடி நீ?"

ஜமீன் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கியவள், கீழே போய்த்தான் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் இரண்டாவது மாடிவரை கேட்டது.

தப்பு என்று தீக்குச்சிக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

தீக்குச்சிக்கு வேலை பெயின்ட் ஆலையில், நிறம் பொருத்துகிற அறையில். உடைந்த சுவர்ச் சில்லு, திரைச்சீலைத் துண்டு, பழைய இரும்பு பீரோவின் கைப்பிடி என்று எதையாவது கொண்டுவந்து வைத்து, இதே நிறம் வேண்டும் என்பார்கள். அவள் வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று கலந்து, அட்டையில் பூசி, சில்லின் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள். பூசியவுடனே சரியா சரியா என்று மேலதிகாரி பறப்பார். "காயட்டும் சார், அப்புறம் சொல்றேன்" என்பாள். ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பக் கூடாது என்பது அவள் வந்த முதல் மாதமே திட்டு வாங்கிக் கற்றது. இப்போது அந்த அறையில் அவள் சொல்வதுதான் முடிவு. ஒரு சுவரையே திரும்பக் கொண்டுவருகிறவளுக்கு ஒரு ரொட்டியைக் கொண்டுவர முடியாதா?

ஒரு நோட்டு போட்டாள். ஆலையில் எழுதுகிற மாதிரியே எழுதினாள்.

முயற்சி 1: கல் தவறு. இரும்புக் கல் வாங்க வேண்டும்.

முயற்சி 3: ஒட்டியது, தொங்கியது, வெந்தது. ருசி, சப்பாத்திக்கு உடம்பு வந்த மாதிரி.

முயற்சி 5: தயிர் கூடுதல். புளிப்பு மேலே நிற்கிறது. உள்ளே இறங்கவில்லை.

முயற்சி 6: எலுமிச்சை. வேண்டாம்.

முயற்சி 8: ஈஸ்ட். பேக்கரி வாசனை. நடுவருக்குப் பிடித்தது. நடுவர் கருத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஆலையிலிருந்து ஏழு மணிக்கு வந்ததும் மாவு பிசைவாள், எட்டரைக்குச் சுடுவாள், ஒன்பதுக்கு எழுதுவாள். மிஞ்சிய மாவை எடுத்துக் குப்பை வாளியில் போடுவாள். அதுதான் நடுவருக்கு ஆகாது.

"அநியாயம்டி. மூடி வச்சா நாளைக்கு ஆகாதா?"

"இந்த வீட்டுல நாளைக்கு ஆகுற சாப்பாடே கிடையாது. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். குடிவந்த அன்றே போட்ட சட்டம். நேற்றையது எதுவும் இன்று இந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலும் கண் சொட்டு மருந்தும் மட்டும் குளிர்ந்துகொண்டிருக்கும். காரணம், ஒரு எவர்சில்வர் தூக்கு. தினம் சாயங்காலம் அம்மாவோடு வேலை வீடுகளிலிருந்து வரும். நேற்றைய சோறு, முந்தாநாள் குழம்பு, யாரோ பாதி கடித்து வைத்த பன். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிக்கொண்டாவது தின்றிருக்கலாம். அவர்கள் நல்லவர்கள், வீணாகக் கூடாதே என்று கொடுத்தார்கள். வீணாகக் கூடாது என்றால் ஒரு குப்பை வாளி வைக்கலாம், ஒரு குழந்தையின் வயிறு எதற்கு? பதினேழு வருஷம் அந்தத் தூக்கில் தின்று வளர்ந்தவள், ஹாஸ்டலிலேயே சொல்லிவிட்டாள்: இனிமேல் செத்தாலும் பழசைத் தொடமாட்டேன். ஒருமுறை ஹாஸ்டல் மெஸ்ஸில் காலை உப்புமாவை மதியம் வேறு பெயரில் போட்டதற்கு வார்டனோடு மல்லுக்கட்டியவள் அவள். அந்தச் சண்டையில் பக்கத்தில் நின்ற ஒரே ஆள் ஜமீன்.

சனிக்கிழமையோடு பதினோரு முயற்சி ஆயிற்று. கருகல் வந்துவிட்டது, நூல் வந்துவிட்டது, மல்லி விதை வெடிப்பு வந்துவிட்டது. அந்தப் புளிப்பு மட்டும் கிட்ட வரமாட்டேன் என்றது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றே காலுக்கு ஜமீன் வந்தாள். ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பை. படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கொஞ்சம் இளைத்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக, சேர்த்து வைத்தாள். நடுவர் போய்க் கட்டிக்கொண்டாள். தீக்குச்சி சமையலறை வாசலில் கை முழுக்க மாவோடு நின்றாள்.

"வா."

"ம். வந்தேன்."

"பெட்டி கனமா?"

"கனம்தான்."

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேச்சுப் போட்டி பிரமாதமா போகுது. பரிசு யாருக்குக் குடுக்கறதுன்னே தெரியல. உக்காருடி. இவ பன்னெண்டு நாளா என்னை மாவு போட்டே வளர்த்திட்டிருக்கா. கூப்பிட்டா மல்லி வாசனையோடதான் திரும்புறேன்."

"எதுக்கு மாவு?"

"சாப்பிடு, தெரியும்," என்று தீக்குச்சி உள்ளே போய்விட்டாள்.

முயற்சி பன்னிரண்டு அழகாக வந்தது. கல்லைக் கவிழ்த்தபோது அசையாமல் தொங்கியது, பொட்டுப் பொட்டாகக் கருகியது. வெண்ணெய் தடவித் தட்டில் வைத்து ஜமீன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். ஜமீனுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கை பாதியில் நின்றது.

"மலையில..."

"அதேதான். சாப்பிட்டுச் சொல்லு. புளிப்பு மட்டும் சரியா வரலன்னு எனக்குத் தோணுது. உன் நாக்கு என்ன சொல்லுது?"

ஜமீன் ஒரு துண்டு பிய்த்தாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்கான்னு கேக்கல. அது மாதிரி இருக்கா?"

ஜமீன் விரலில் ஒட்டிய வெண்ணெயைத் தட்டின் ஓரத்தில் துடைத்தாள்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லுடி," என்றாள் நடுவர். "அடிக்கமாட்டா. பூரிக்கட்டைய நான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியல," என்றாள் ஜமீன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"மறந்துட்டியா?" தீக்குச்சியின் குரல் கொஞ்சம் இறங்கியது. பன்னிரண்டு நாள் அவள் கட்டியதெல்லாம் இவளுக்கு அது மறந்திருக்காது என்கிற ஒரே தூணின்மேல்.

"மறக்கல. எப்படி மறக்கும்? நான் தின்னாத்தானே மறக்கறதுக்கு."

"என்ன?"

"நான் அந்த ரொட்டியத் தின்னவே இல்லடி. ரெண்டுதான் இருந்துச்சு."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக அது கிளம்பிப் போனது.

"நின்னுக்கிட்டே ஒண்ணு உள்ள தள்ளிட்டேன்னு சொன்னியே," என்றாள் நடுவர்.

"சொன்னேன். இல்லாட்டி ரெண்ட மூணாப் பிக்கணும். இவ அப்ப இருந்த இருப்புக்கு முழுசா ஒண்ணு உள்ள போகலன்னா மலையிலயே சமாதி கட்டியிருக்கணும்."

"எப்பப் பாரு, நீ சொல்லு நீ சொல்லுன்னு என்கிட்ட கேப்பியே," என்றாள் தீக்குச்சி மெதுவாக.

"பின்ன? எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரிய வேணாமா?"

சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஜமீன் அவசரமாக மேலே பேசினாள், பேசியிருக்க வேண்டாததையும் சேர்த்து.

"கடையே திறக்கலடி அன்னிக்கு. அந்தம்மா அப்பத்தான் அடுப்ப மூட்டிட்டிருந்தாங்க. பாஷையும் தெரியாது. ஒரு சட்டியில ரெண்டே ரெண்டு உருண்டை மூடி வச்சிருந்தாங்க. அதைக் குடுங்கன்னு கையக் காட்டினேன். முடியாதுன்னு கைய ஆட்டினாங்க. அது அவங்க தனக்குன்னு எடுத்து வச்சது, காலையில அவங்க சாப்பிடுறதுக்கு. விக்கிற மாவே இல்ல. அப்புறம் இவளக் காட்டினேன், கல்லுல சாஞ்சு கிடந்தா பாரு, அதைப் பாத்ததும் ஒண்ணும் சொல்லல. உருண்டைய எடுத்துத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நேத்து மாவுங்கிறதால..."

நிறுத்தினாள். நாக்கைக் கடித்துக்கொண்டது வெளியே தெரிந்தது.

"நேத்து மாவா?" என்றாள் தீக்குச்சி.

நடுவர் தன் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல.

"முந்தின நாள் பிசைஞ்சது," என்றாள் ஜமீன். இனி மறைக்க ஒன்றும் இல்லை. "ராத்திரி பூரா வச்ச மாவு. பொங்கி, ஓட்டை ஓட்டையா, புளிச்ச வாசனை அடிச்சுது. அந்தம்மாவே மோந்து பாத்துட்டுத்தான் எடுத்தாங்க."

"நான் பழசு திங்கமாட்டேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே குடுத்த."

"தெரிஞ்சேதான் குடுத்தேன். வாந்தி எடுத்து எடுத்து உன் உதடு வெள்ளையாக் கிடந்துச்சு. எனக்கு அதுவும் தெரியும்ல?"

தீக்குச்சிக்குக் காது சுட்டது. கோபம் எழுந்து வந்தது. வழக்கமான பாதையில் வாய்வரை வந்துவிட்டது. அங்கே அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பொறந்ததுலேர்ந்து ஒரு வேளைச் சோத்த யாருக்காகவாவது. அவள் கேட்ட கேள்வி. இதே தரையில், இதே இடத்தில்.

"நான் அன்னிக்கு உன்னக் கேட்டேனே. அப்பச் சொல்லியிருக்கலாம்ல? ஒரே வார்த்தையில என் வாய மூடியிருக்கலாம்."

ஜமீன் இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வெண்ணெயில் தேய்த்தாள். "சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். சொன்னா என்ன ஆகும்? எப்பவோ மலையில தின்ன ரொட்டியையும் நீ அங்கயே வாந்தி எடுத்துருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? உனக்குன்னு இருந்த ஒரே நல்ல சாப்பாட்டுக் கதை அது. அதையும் பிடுங்கிட்டு நான் செருப்பு மாட்டணுமா?"

தீக்குச்சி எழுந்து சமையலறைக்குப் போனாள்.

மேடையில் கிண்ணத்தில் மாவு மிஞ்சியிருந்தது. இரண்டு உருண்டை. வழக்கப்படி கை கிண்ணத்தைத் தூக்கிக் குப்பை வாளிப் பக்கம் கொண்டுபோனது. வாளியின் மூடியைக் காலால் மிதித்தாள். மூடி திறந்தது. நேற்றைய மாவு, முயற்சி பதினொன்று, அடியில் கிடந்தது. பொங்கி, வாளியின் சுவரில் ஏறி, ஓட்டை ஓட்டையாக. குனிந்தாள். குப்பையைக் குனிந்து முகர்வாள் என்று யாராவது நேற்றுச் சொல்லியிருந்தால் அறைந்திருப்பாள்.

அதே புளிப்பு.

பதினோரு நாளும் அவளே சரியாகச் செய்து அவளே கொட்டியிருக்கிறாள்.

தூக்கில் வந்தது தின்று முடித்தவர்களின் மிச்சம். சட்டியில் இருந்தது இனிமேல் தின்னப் போகிற ஒருத்தியின் சாப்பாடு. இரண்டுக்கும் இந்த வீட்டுச் சட்டத்தில் ஒரே பெயர். சட்டம் போட்டவள் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறாள். மூடியிலிருந்து காலை எடுத்தாள். கிண்ணத்தைத் திரும்ப மேடையில் வைத்து, ஒரு தட்டை எடுத்து மூடினாள். அந்த வீட்டில் தட்டு போட்டு மூடிய முதல் கிண்ணம்.

வெளியே வந்தாள்.

"அஞ்சரை பஸ்ஸ விட்டா அடுத்து எப்ப?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. ஏன்?"

"வேலையில என்னைக்குச் சேரணும்?"

"புதன்கிழமை."

"மாவு காலையில ஆறு மணிக்குத் தயாராயிடும்."

ஜமீனுக்கு முதலில் பிடிபடவில்லை. நடுவருக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், பிறகு, கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுகிற குரலில் சொன்னாள்: "மன்னிச்சுக்கோ, இன்னிக்கு ராத்திரி இங்க தங்குன்னு சொல்றாங்க அம்மா."

"நான் மாவப் பத்திப் பேசுறேன்," என்றாள் தீக்குச்சி.

"அதான், மாவப் பத்தித்தான் நானும் சொல்றேன்."

ஜமீன் சுவரில் சாய்ந்து இருவரையும் பார்த்தாள். போனை எடுத்தாள். "அப்பா, நான் நாளைக்குத்தான் போறேன்... ஒண்ணுமில்லப்பா, பிரெண்ட்ஸுதான்... ஆமா, அவளும்தான்." போனை வைத்துவிட்டு, "எனக்கு ரெண்டு தலகாணி வேணும்," என்றாள்.

"ஒண்ணுதான் இருக்கு," என்றாள் தீக்குச்சி. "இன்னொண்ணுக்கு நடுவரோட வயித்த வச்சுக்கோ. பன்னெண்டு நாள் மாவு அதுலதான் இருக்கு."

இன்னும் கொஞ்சம் மாவு பிசைந்து வைக்கலாமே, மூணு பேருக்கு ஆகுமே என்று நடுவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். தீக்குச்சி கேட்கவில்லை. "எங்க ஆலையில மாதிரித் துண்டு என்ன சொல்லுதோ அதான். அன்னிக்கு ரெண்டு. இன்னிக்கும் ரெண்டு." கிண்ணத்தை யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்று ஒரு உத்தரவும் போட்டாள்.

காலையில் ஆறு மணிக்குத் தட்டைத் தூக்கினாள். மாவு இரண்டு பங்காகப் பொங்கியிருந்தது. விரலால் தொட்டால் மூச்சு விட்டு அமுங்கியது. வாசனை எழுந்து வந்ததும் பழைய தூக்கு ஒரு கணம் கண்முன்னால் ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டு உருண்டையை எடுத்தாள்.

ஜமீன் சமையலறை வாசலில் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. "அந்தம்மா இப்படி உருட்டல," என்றாள். "கையத் தண்ணியில நனைச்சு, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு அடிச்சாங்க. டப்பு டப்புனு சத்தம் வரும்."

தீக்குச்சி கையை நனைத்து அடித்தாள்.

"இன்னும் சத்தமா."

அடித்தாள். கல்லில் ஒட்டினாள். கொப்புளம் கிளம்பக் காத்திருந்தபோது, ஜமீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லைப் பார்த்தே பேசினாள். "அன்னிக்கு நான் கேட்டது தப்பு. மாவு இல்ல இது. நான்தான் சொல்றேன்."

"கவிழ்த்து, கருகுது," என்றாள் ஜமீன். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

இரண்டு ரொட்டியும் வெந்தன. ஒன்று நடுவருக்கு. அவள் பல்கூட விளக்காமல் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்துவிட்டாள். முதல் வாயிலேயே அவள் கண் பெரிதானது. தலையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்ல முயன்றாள், வாய் ஒழியவில்லை. இன்னொன்றை வெண்ணெய் தடவி, ஒரு செய்தித்தாளில் சுற்றி, ஜமீன் கையில் கொடுத்தாள் தீக்குச்சி.

"உனக்கு?"

"எனக்குப் பொறுக்கல. இங்கயே நின்னு சுடச்சுட ஒண்ணு உள்ள தள்ளிட்டேன்."

ஜமீன் காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். தீக்குச்சியின் உதட்டைப் பார்த்தாள். ஒரு தூள்கூட இல்லை.

"அடிப்பாவி, பொய் சொல்லக்கூட என்னைப் பாத்தா காப்பி அடிப்ப?" என்று சொன்னாள். ஆனால் பிய்த்துப் பாதி தரவில்லை. மூன்று வருஷம் காது வழியாகவே தின்ற ரொட்டியைச் செய்தித்தாளைப் பிரித்து, தரையில் உட்கார்ந்து, முழுசாகத் தின்றாள். தீக்குச்சி எதிரில் உட்கார்ந்து அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தாளில் தூள் கிடந்தது. ஜமீன் விரலால் ஒற்றி எடுத்து, அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல், எதிரே நீட்டினாள்.

தீக்குச்சி நக்கிப் பார்த்தாள். கருஞ்சீரகம், கருகல். பிறகு நாக்கின் ஓரத்தில் அது வந்து தொட்டது.

"இதுதானா?" என்றாள் ஜமீன்.

"இதுதான்," என்றாள் தீக்குச்சி. ஆலையில் அவள் யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வதில்லை.

பத்து மணி பஸ்ஸுக்குப் பெட்டியின் ஒரு காதை அவள் பிடித்துக்கொண்டாள், மறு காதை ஜமீன். இரண்டாவது மாடியிலிருந்து கீழே வரும்வரை, அந்தப் புளிப்பு எப்படி இருந்தது என்று ஜமீன்தான் சொல்லிக்கொண்டே வந்தாள்.